இன்வேஷன்: இது எந்தப் படையெடுப்பு?

ஆந்திர எல்லையோரம் ஆரம்பாக்கம், தடா பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சித்தூர்ப் பக்கத்துக் கருங்கல்லில் காற்றடித்தே துளைத்துவிடலாம், இங்கே மணலும் களியும் என்பதால் குழி சரிந்துவிடும். அதனால் பெண்டோனைட் களியைத் தண்ணீரில் கரைத்து, அந்தச் சேற்றைக் குழிக்குள் சுற்றவிட்டுக்கொண்டே இறக்குவார்கள். எண்ணெய்க் கிணற்றிலும் இதே கதைதான், ஆழம்தான் பல மடங்கு.

குழியில் நிற்கும் சேற்றின் அழுத்தம் பாறைத் துளைகளில் உள்ள நீரின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால், சேற்றுத் தண்ணீர் பக்கவாட்டில் பாறைக்குள் இறங்கிவிடும். இதைத்தான் ‘இன்வேஷன்’ என்கிறார்கள். தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதியைப் புரட்டிப் ‘படையெடுப்பு’ என்று எழுதினால் சிரிப்புதான் வரும். லத்தீன் மூலத்தில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘வாதெரே’ என்றால் போவது, அவ்வளவே.

சரி, ‘ஊடுருவல்’? ஊடு உருவுவது என்றால் அம்பு மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவது. இந்தத் தண்ணீரோ சில அங்குலத்திலோ சில அடியிலோ நின்றுவிடுகிறது. அதோடு, உள்ளே போவது முழுச் சேறும் இல்லை. சோறு வடிக்கும்போது கஞ்சி போய்ப் பருக்கை தங்குகிற மாதிரி, தண்ணீர் போய்க் களி சுவரிலேயே படிந்துவிடும். போனது வடிநீர். படிந்தது ‘மட் கேக்’, அதைச் சேற்று அப்பம் ஆக்க வேண்டாம், ஏரி வற்றினால் தட்டுகிற பொருக்கு நம்மிடமே இருக்கிறது.

நிலம் நீரை இழுத்துக்கொள்வதற்குச் ‘சுவறுதல்’ என்போம். எல்லை தாண்டினால் தெலுங்கில் மழைநீர்க் குழிக்கு ‘இங்குடு குந்த’ என்று பெயர், அந்த ‘இங்கு’ நம் அகராதியிலும் அதே பொருளில் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். என் ஓட்டு ‘வடிநீர்ச் சுவறல்’ என்பதற்கு.

வேடிக்கை என்னவென்றால், துளை குறைந்த பாறையில்தான் பெரும்பாலும் இது ஆழமாகப் போகும். பொருக்கு கட்டிய பிறகு எவ்வளவு வடியும் என்பதைப் பாறை முடிவு செய்வதில்லை, பொருக்குதான் முடிவு செய்கிறது. ஒரே அளவு தண்ணீரை அகலச் சட்டியிலும் ஒல்லிக் குழாயிலும் ஊற்றினால் எது நீளமாக நிற்கும்? அதனால்தான் எண்ணெய்க் கிணற்றில் பாறையின் மின்தடையைக் குழிக்குக் கிட்டத்திலும் தள்ளியும் அளக்கிறார்கள். கிட்டத்தில் அளந்தால் தெரிவது வடிநீர்தான், பாறையில் முதலிலிருந்தே இருந்தது என்ன என்பதைத் தள்ளி அளந்தால்தான் ஓரளவு பிடிக்கலாம்.

எங்கள் வீட்டுப் போரில் ஆள்கள் கம்ப்ரசர் வைத்துப் பொருக்கை உடைத்துக் கழுவாமலே கிளம்பிவிட்டார்கள். மணலில் தண்ணீர் இருந்தும் மோட்டார் பத்து நிமிடத்தில் காற்றை இழுத்தது. அப்புறம் வேறு ஆளை வைத்துக் கழுவியபோது, முதல் ஒரு மணி நேரம் வந்தது முழுக்கச் சாம்பல் நிறக் களி.