நடுகல் நின்ற இடம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

மரபுக் கட்டடங்களை அளந்து, படமெடுத்து, ஆவணப்படுத்துவது என் தொழில். கொங்கு நாட்டில் பழைய மதகு, மண்டபம், சுமைதாங்கி என்று எது கண்ணில் பட்டாலும் வண்டியை நிறுத்திவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளக்கரையில் நடைபாதை போடுவதற்கு முன்பாக, கரையில் இருக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்து தரும் வேலை எனக்கு வந்தது. கரையின் ஒரு முனையில், வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிய புலிகுத்திக்கல் ஒன்று நின்றது. பாயும் புலியின் வாயில் வீரன் ஈட்டியைச் செலுத்துகிறான். கால்மாட்டில் தேய்ந்துபோன இரண்டு வரி எழுத்து. சாய்ந்த வெயிலில் மட்டுமே எழுத்து தெரிந்ததால் மாலைவரை காத்திருந்து, கல்லைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாண உருவம் செய்தேன். கோப்புகளை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் போனபோது கல் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பளபளப்பான பலகையும், அதில் ஒரு கியூஆர் குறியீடும் இருந்தன. கைப்பேசியைக் காட்டினேன், பக்கம் திறக்கவில்லை. பராமரிப்புக் காலம் முடிந்ததும் அந்த இணையதளத்துக்குக் கட்டணம் கட்ட ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "பத்திரமாக எடுத்து வைக்கிறோம் என்று சொன்னார்களுங்க அம்மணி. எங்கே வைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை." அலுவலகத்தில் கேட்டால் பணியை நடத்திய நிறுவனத்தைக் கைகாட்டினார்கள். நிறுவனத்தில் என் கோப்பு இருந்த கணினியே இல்லை. மிஞ்சியது என் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு வன்தட்டு. ஓர் ஊரின் நினைவு தனி ஒருத்தியின் அலமாரியை நம்பி இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

2015 ஜூன் மாதம் மத்திய அரசு தொடங்கிய சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் தேர்வாயின. கொங்கு நாட்டிலிருந்து மட்டும் கோவை, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகிய நான்கு. கோவை 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே இருந்தது. குளங்கள் சீரமைக்கப்பட்டன, கண்காணிப்புக் கேமராக்களும் கட்டுப்பாட்டு மையங்களும் வந்தன. இவை தேவையானவை, அவற்றைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. குப்பை லாரி இந்த நிமிடம் எந்தத் தெருவில் நிற்கிறது என்று திரையில் காட்ட வல்ல ஒரு நகரம், தன் நடுகல் எங்கே போனது என்று கேட்டால் விழிக்கிறதே, அதுதான் என் ஆதங்கம்.

கோவையின் குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் படகு விடுவதற்காக வெட்டியவை அல்ல. நொய்யலின் அணைக்கட்டுகளில் தொடங்கி, வாய்க்கால் வாய்க்காலாக நீரைக் கடத்தி, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு விடும் சங்கிலியின் கண்ணிகள் அவை. அதே நொய்யலின் கரையில், சென்னிமலைப் பக்கம் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர். பளிங்கையும் சூதுபவளத்தையும் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே அகழாய்வில் கிடைத்தன. ஆற்றின் மேல்முனையில் பேரூர்; கோவைக்கு அருகே ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர். அரச்சலூர் மலையில் இசையெழுத்துக் கல்வெட்டு, ஈரோட்டை ஒட்டி 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்கால். இவற்றைத் தனித்தனிச் சுற்றுலாப் புள்ளிகளாகப் பலகையில் எழுதினால் கதை அறுந்துபோகும். நீரின் போக்கோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் வைத்தால்தான் மதகை ஏன் இடிக்கக் கூடாது என்று பொறியாளருக்கும் புரியும். எண்ணிம (டிஜிட்டல்) பதிவின் உண்மையான பயன் அங்கேதான். ஒளிக்கோபுரமும் லேசர்க் காட்சியும் பிறகு வரட்டும்.

சட்டம் எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே முழுக் காவல் தருகின்றன. குளக்கரை நடுகல், பழைய மதகு, தெருமுனைச் சுமைதாங்கி போன்றவற்றில் பெரும்பாலானவை அந்த அறிவிப்புக்குள் வருவதே இல்லை. கோப்புகளின் கதை இன்னும் மோசம். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பிரதேசங்கள் சார்ந்த ஆவணங்களுக்கானது. சீர்மிகு நகரப் பணிகளை நடத்தியவையோ மாநில அரசும் மாநகராட்சியும் பங்கு வைத்து, நகரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய தனி நிறுவனங்கள். திட்டக் காலமோ 2025 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. அந்த நிறுவனங்களின் கணினிகளில் இருக்கும் அளவுப் படங்கள், ட்ரோன் படங்கள், முப்பரிமாண உருவங்கள் யார் கைக்குப் போகும்? யுனெஸ்கோ 2003-லேயே எண்ணிம மரபைக் காப்பதற்கென ஒரு சாசனம் வெளியிட்டுவிட்டது. நம் டெண்டர் ஆவணங்களில் அதன் நிழல்கூட விழவில்லை என்பது நான் கையில் வாங்கிப் படித்த ஆவணங்களை வைத்துச் சொல்வது.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல, டெண்டரில் சில வரிகள். கரையிலோ தெருவிலோ மண்வெட்டி விழுவதற்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். பதிவில் படம் மட்டும் போதாது. எந்த இடம், யார் எடுத்தது, என்றைக்கு, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்ற விவரமும் உடன் இருக்க வேண்டும். விவரம் இல்லாத படம் பெயர் எழுதாத மருந்துப் புட்டி போன்றது. கோப்பு ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவில் இருக்கக் கூடாது. தமிழ் விவரங்கள் ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வேண்டும். 2010-லேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தந்த கல்வெட்டுப் பாடம் ஒன்றைத் திறந்து, புரியாத குறிகளாகப் பார்த்துத் தலையில் கைவைத்த நாள்கள் எனக்கு உண்டு. ஒரு நகல் மாநகராட்சியிலும், இன்னொன்று தொல்லியல் துறையிலோ தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொது நிறுவனத்திலோ சேர வேண்டும். சேர்த்ததற்கான ரசீது வந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணைப் பணம்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடு என்றும் நான் சொல்லமாட்டேன். புதையல் ஆசையில் கற்பதுக்கைகளை, அதாவது பழங்காலக் கல்லறைகளை, தோண்டுகிறவர்கள் இருக்கும்போது அவற்றின் துல்லியமான இருப்பிடத்தை இணையத்தில் போடுவது திருடனுக்கு வழிகாட்டுவதாகிவிடும். ஆய்வாளருக்கு முழு விவரம், பொதுமக்களுக்கு ஊர்ப் பெயர் என்று படிநிலை வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குள் படமெடுக்க வேண்டாம் என்று ஊர் சொன்னால் கேமராவை மூடத்தான் வேண்டும். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் கலைஞரைப் பதிவுசெய்தால், பாடியவர் பெயரும் ஒப்புதலும் பதிவோடு இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போங்கள். அடுத்து நடக்கப்போகும் சாலை வேலையிலோ குள வேலையிலோ பழைய கல், மதகு, மண்டபம் ஏதேனும் இருக்கிறதா, அதைப் பதிவுசெய்ய டெண்டரில் வரி இருக்கிறதா, கோப்பு வேலை முடிந்தபின் யாரிடம் இருக்கும் என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நான் மறுபடியும் அந்தக் குளக்கரைக்குப் போனேன். பெரியவர் கைத்தடியால் நடைபாதைக் கல் ஒன்றைத் தட்டி, "இங்கேதானுங்க நின்றது" என்றார். வேப்பமரத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். பழைய படங்களோடு அதையும் சேர்த்து, இந்த முறை மூன்று இடங்களில் நகல் வைத்திருக்கிறேன். கல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.