தும்மினால் கசியும் சலம்: மூடிவைக்க வேண்டிய நோயல்ல

முதுகுவலி, முழங்கால்வலி என்று துண்டெழுதி எங்கள் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு வரும் தாய்மாரில் பலர், எழுந்து போகும் நேரத்தில்தான் உள்ளே கிடக்கும் குறையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். "தும்மினா, சிரிச்சா கொஞ்சம் சலம் போகுது மிஸ். பிள்ளை பெத்தா அப்படித்தானே?" என்று கேட்கும்போதே பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் இப்படிச் சலம் (சிறுநீர்) கசிவது பலருக்கும் வருவது உண்மைதான். ஆனால் பலருக்கும் வருகிறது என்பதற்காக ஆயுள் முழுவதும் சகித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வாலெலும்பு வரை ஏணைச் சீலையைப் போல விரிந்து, சலப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்தில், அதிலும் பெரிய குழந்தையாக இருந்தாலோ ஆயுதம் வைத்து எடுக்க நேர்ந்தாலோ, இவை மிகவும் இழுபட்டுத் தளர்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு ஹோர்மோன் குறைவதும், நாட்பட்ட இருமலும், உடற்பருமனும், முக்கி மலங்கழிக்கும் பழக்கமும் அந்தத் தளர்ச்சியைக் கூட்டுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் நெல்மூட்டையும் தூக்கும் பெண்களுக்கு, பிரசவமான சில வாரங்களிலேயே மீண்டும் பாரம் தூக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. பத்தியம் என்ற பெயரில் மரக்கறியையும் பழத்தையும் தண்ணீரையும் குறைத்து மலச்சிக்கலை வரவழைப்பதும், வயிற்றை மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டி அழுத்தத்தைக் கீழே தள்ளுவதும் நன்மைக்கென்று நினைத்துச் செய்யப்படுபவைதான். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் மாமியார்மார் இதை வாசித்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.

கசிவைச் சமாளிக்க எங்கள் பெண்கள் முதலில் கைவைப்பது குடிக்கும் தண்ணீரில். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போக வேண்டுமென்றால் மத்தியானத்திலிருந்தே வாயை நனைப்பதில்லை. மட்டக்களப்பு வெயிலில் இப்படிச் செய்தால் சலம் செறிவாகிச் சலப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும், மலமும் இறுகும். தண்ணீரை வழமைபோல் குடித்து, அடிக்கடி குடிக்கும் பிளேன்ரீயைக் குறைப்பதே சரியான வழி. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தொழுகைக்கு முன் செய்யும் வுழூ (உடற்சுத்தம்) முறிந்துவிடுமோ என்ற கவலையை மிகுந்த தயக்கத்தோடு சொல்வார்கள்; கோயில் திருவிழாவுக்குப் போவதையே விட்டுவிட்ட அம்மாமாரும் உண்டு.

தசைப் பயிற்சி புதிதல்ல. அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இலேயே இதை எழுதிவைத்தார். சிக்கல் என்னவென்றால், கைத்தொலைபேசியில் பார்த்துச் செய்கிறவர்களில் பலர் தசையை உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். அது இருக்கும் தளர்ச்சியையும் கூட்டும். முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை இறுக்கி, உள்நோக்கி மேலே தூக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் உள்ளே ஏறுவது தெரியும். வெளியே பிதுங்கினால் செய்வது தவறு. முடிந்த அளவு, எட்டு முதல் பத்து விநாடி வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்தி, ஒரு தடவைக்கு எட்டு முறையாக நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்று விடுகிறவர்களே அதிகம். தும்மல் வருவதற்கு ஒரு கணம் முன்னும், குடத்தைத் தூக்குமுன்னும் இதே தசையை இறுக்கப் பழகினால் கசிவு கண்கூடாகக் குறையும். சலம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக்க வேண்டாம். அது சலப்பை முழுவதுமாகக் காலியாவதைக் கெடுக்கும்.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. தாம்பத்தியத்தின்போது வலி, சலம் தொடங்கத் தாமதம் என்று வரும் சிலருக்குத் தசை தளர்ந்திருப்பதில்லை, இறுகியிருக்கிறது. அவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்த்துவதை. அவசரம் வந்தவுடன் கழிப்பறைக்குள் போவதற்குள் கசிகிறது என்றால், போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் சலப்பைப் பயிற்சியும் சேர வேண்டும். அதனால்தான் நேரில் பரிசோதிக்காமல் வைத்தியம் சொல்ல நான் விரும்புவதில்லை.

பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்கிலும் இதைக் கேட்கலாம். அங்கிருந்து ஆதார அல்லது போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். "அடி இறங்குது" என்று, அதாவது கர்ப்பப்பை போன்றவை கீழிறங்கி வரும் வயதான அம்மாமார், ஒப்பரேசன் என்ற பயத்திலேயே வருடக்கணக்காக மறைத்துவிடுகிறார்கள். இறக்கம் கூடியவர்களிலும் பலருக்கு உள்ளே ஒரு வளையம் பொருத்தியே சமாளிக்க முடியும். அதைக் காலத்துக்குக் காலம் கழற்றிச் சுத்தம் செய்து, புண் ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சலத்தில் இரத்தம், சலம் முற்றாக அடைபடுதல், பிரசவமானது முதல் இரவு பகலாக ஓயாத கசிவு, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, உட்காரும் பகுதி உணர்விழந்து மரத்துக் கால் பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை ஒதுக்கிவைத்துத் தாமதமின்றி வைத்தியரைப் பார்க்க வேண்டும். சலம் அடைபட்டாலோ கால் பலமிழந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.