டிஓகே ஆன்லைனில் படிக்கிறீர்களா? மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும்

ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமோ என்ற பன்னாட்டுப் பள்ளிப் படிப்பின் மாணவர்களுக்கு இணையவழியில் டிஓகே, அதாவது தியரி ஆஃப் நாலெட்ஜ், சொல்லிக்கொடுப்பது என் தொழில். நமக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பாடம் இது. பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது: "சார், இதுக்குத்தான் பரீட்சையே இல்லையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்?"

எழுத்துத் தேர்வு இல்லை, சரி. 1,600 சொல்லுக்குள் ஓர் எஸ்ஸே உண்டு. அதைப் பள்ளிக்கு வெளியே உள்ள ஐபி தேர்வாளர்கள் திருத்துகிறார்கள். மூன்று பொருட்களை வைத்து 950 சொல்லுக்குள் ஓர் எக்ஸிபிஷன்; அதற்குப் பள்ளி மதிப்பெண் போடும். டிஓகேயும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற தனி ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்து, மொத்தம் 45 புள்ளியில் அதிகபட்சம் 3தான் தரும். ஆனால் டிஓகேயில் கடைசி கிரேடான 'இ' வந்துவிட்டால், மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் டிப்ளமோ கிடையாது. பல வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

இயற்பியலை வீடியோ பார்த்தே ஓரளவு படித்துவிடலாம். டிஓகேயை முடியாது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று குறுக்கே கேட்க வகுப்பில் நாலு பேர் இருப்பார்கள், அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அதனால் எல்லாரும் ஒரே மாதிரி எஸ்ஸேக்களைப் படித்து, 2006இல் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து போன கதையையே எழுதுகிறார்கள். எனக்குப் புளூட்டோ மேல் கோபமே வந்துவிட்டது.

நம் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் இன்னொரு உதாரணம் கீழடி. "2,600 வருஷப் பழமை, கார்பன் டேட்டிங் நிரூபிச்சிடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அங்கேதான் நான் நிறுத்துவேன். தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று காலம் வந்தது. இயந்திரம் அளந்தது அந்த மாதிரியின் வயதை. அதே அடுக்கில் கிடைத்த, எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்கும் அதே வயதுதான் என்பது மண்ணடுக்கை வைத்து மனிதர்கள் செய்யும் ஊகம். நல்ல ஊகமாக இருக்கலாம். ஆனால் அளவீடு எங்கே முடிகிறது, விளக்கம் எங்கே தொடங்குகிறது?

அப்புறம், 2025இல் மத்தியத் தொல்லியல் துறை முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னது. அது அறிவியல் கறாரா, அரசியலா? எந்த வகைச் சான்று வந்தால் உன் பதில் மாறும்? தமிழனாக இருப்பதால் அது பழசாக இருக்க வேண்டுமென்று உனக்கே ஆசை இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் எழுதும் மாணவரின் எஸ்ஸேயில் தனி உயிர் வருகிறது.

எக்ஸிபிஷனில் வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு ஜாதகப் படம் போதாது. குறிப்பிட்ட இடமும் பின்னணியும் உள்ள ஒரு பொருள் வேண்டும். 'எது அறிவாகக் கருதப்படும்?' என்பது எக்ஸிபிஷனுக்கு ஐபி கொடுக்கும் 35 கேள்விகளில் ஒன்று. அதற்குப் பாட்டி அலமாரியில் வைத்திருக்கும் அண்ணனின் ஜாதக நோட்டும் அப்பாவின் போன மாத ரத்தப் பரிசோதனைச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறென்ன வேண்டும்?

ஏஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐபி அமைப்பு 2023இல் சாட்ஜிபிடியைத் தடை செய்யவில்லை. பயன்படுத்தினால் மேற்கோளாகக் காட்ட வேண்டும் என்றது. என் கவலை வேறு. பெரும்பாலும் அது நம் பேச்சுக்குத் தலையாட்டும். காசுக்கு எழுதித் தரும் ஆட்கள் பக்கம் போகவே வேண்டாம். என்னிடமும் "கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க" என்று டிராஃப்ட் அனுப்புகிறார்கள், நான் தொடுவதில்லை. முழு டிராஃப்டில் கருத்து எழுதும் உரிமை பள்ளி ஆசிரியருக்கு, அதுவும் ஒரே ஒரு டிராஃப்டுக்கு மட்டும். எஸ்ஸேக்காக அவருடன் நடக்க வேண்டிய மூன்று முறையான சந்திப்புகளை எந்த டியூஷனும் ஈடுசெய்யாது.

பெற்றோருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எஸ்ஸேயின் வாதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களுக்குச் சரியென்று பட்டாலும் பத்து நிமிஷம் எதிர்க்கட்சியாக இருங்கள். எந்த இடத்தில் "போம்மா, உனக்குப் புரியாது" என்று வருகிறதோ, அந்தப் பத்தியைத்தான் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும்.