கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

தண்டுவடக் காயத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பிய பெண் ஒருவர், ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்றுடன் எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்திருந்தார். இயன்முறை மருத்துவர் என்ற முறையில் அவருடைய தோள் வலியைப் பார்ப்பதுதான் என் வேலை. பேச்சுவாக்கில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலையில அரை டம்ளர் காபி மேடம், அப்புறம் வீட்டுக்கு வந்துதான்" என்றார். அலுவலகக் கழிப்பறையின் கதவு உட்பக்கம் திறப்பது. நாற்காலி உள்ளே நுழைந்துவிட்டால் கதவைச் சாத்த முடியாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டிய ஒருவர், இதை ஆண் மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில், ஒன்பது மணி நேரம் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தச்சர் ஒருவர் அரை நாளில் கீலை மாற்றியடித்து, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தார். சுவரில் ஒரு கைப்பிடியும், குழாயை வைக்கச் சிறு பலகையும் பொருத்தப்பட்டன. நாங்கள் எழுதிக்கொடுத்த மருந்துகள் செய்யாததை அந்தக் கீல் செய்தது.

2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாகாத இத்தகைய மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும்; 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமானால், இதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருப்பது, என்னிடம் வருபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆண்களிடம் நான் கேட்கும் குறை பெரும்பாலும் வேறு வகையானது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட இயந்திரப் பணியாளர் ஒருவரை, இரக்கப்பட்டே, வாயிற்கதவு அருகே வருகைப் பதிவேட்டுடன் உட்காரவைத்திருந்தார்கள். சம்பளம் குறையவில்லை, ஆனால் மிகைநேர வேலையும் பதவி உயர்வும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் கேட்டது இயந்திரத்தின் முன் ஓர் உயரமான முக்காலியும், ஈரம் தேங்காத தரையும் மட்டுமே. அரசுப் பணியில் இருப்பவர் பணிக்காலத்தில் உடற்குறைபாடு அடைந்தால், அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலை பொருந்தாவிட்டால், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் தொழிலாளிக்கு அந்த அளவு வெளிப்படையான காப்பு இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

சாய்தளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நான் பார்த்த பல சாய்தளங்கள் சரக்கு வண்டியை ஏற்றக் கட்டியவை போலச் செங்குத்தாக இருக்கின்றன.

நிறுவனத்துக்குக் கடிதம் கேட்டு வருபவர்களுக்கு, நோயின் பெயரை முதல் வரியில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். "தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது, இருக்கை தேவை" என்பது போல, இயலாததையும் அதற்கான மாற்றத்தையும் ஒரே வரியில் எழுதுகிறேன். அதை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.