அந்தக் கைகளை விட்டுவிடுங்கள்

சென்ற வாரம் ஒரு தாய் தன் ஏழு வயது மகளை அழைத்து வந்திருந்தார். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவள் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள். தாய் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து மடியில் அழுத்தினார். "சைகை பழகினால் பேச்சே வராது என்று சொன்னார்கள் மேடம்." இந்த மாதத்தில் இதைச் சொன்ன மூன்றாவது தாய் இவர். எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தத் தவறான எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெப்பே என்ற பாதிரியார், காது கேளாதவர்களின் சைகைகளைத் தானே கற்று, அவற்றின் வழியாகவே பாடம் நடத்தினார். அவர் தொடங்கிய பள்ளியில் படித்த லோரன் கிளேர்க், தானும் காது கேளாதவர், அமெரிக்கா போய் 1817இல் ஹார்ட்ஃபோர்டு பள்ளி உருவாகத் துணைநின்றார். காது கேளாதவர்களே ஆசிரியர்களாக இருந்தார்கள். பிறகு 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு, பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. கூடியிருந்த 160க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. அந்த ஆசிரியர்களின் வேலையும் போனது. 2010இல் வான்கூவரில்தான் அதே மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள்!

பார்வையற்றோருக்கும் இதேதான் நடந்தது. லூயி பிரெயில் படித்த பள்ளியிலேயே 1840களில் அவருடைய புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார்கள். பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்தையே புடைப்பாக அச்சிட்டுத் தடவச் சொன்னார்கள். மாணவர்களோ மறைவாகப் புள்ளியில்தான் எழுதிக்கொண்டார்கள்.

பேச்சு வேறு, மொழி வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேட்கும் குழந்தையும் பேசுவதற்கு முன்பே டாட்டா காட்டுகிறது, சாமி கும்பிடுகிறது, "காக்கா எங்கே?" என்றால் விரல் நீட்டுகிறது. அதனால் அதன் பேச்சு நின்றுவிட்டதா? சைகை மொழிக்குச் சொல்லும் உண்டு, இலக்கணமும் உண்டு. முதல் ஐந்தாண்டுகளில் எந்த மொழியும் கிடைக்காத பிள்ளைதான் பின்தங்குகிறது. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைத்த பிள்ளைக்கும் இதைத்தான் சொல்வேன்: குளிக்கும்போதும் பேட்டரி தீர்ந்தபோதும் அது எதில் பேசும்?

பிறந்தவுடன் செவித்திறனைச் சோதியுங்கள். மருத்துவர் 'பெரா' என்ற செவி நரம்புச் சோதனையை எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். "இவன் அப்பனும் நான்கு வயதில்தான் பேசினான்" என்று பாட்டி சொன்னாலும் காத்திருக்காதீர்கள். காதுக்கருவியைப் பீரோவில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு மட்டும் மாட்டாதீர்கள். சைகையை அம்மா மட்டும் கற்றால் போதாது. அப்பா, அண்ணன், பாட்டி எல்லோரும் கற்க வேண்டும். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி மையத்தின் அகராதிக் காணொலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தயவுசெய்து அந்தப் பிள்ளையை 'ஊமை' என்று அழைக்காதீர்கள்.

அன்று அந்தத் தாய்க்குத் தண்ணீர், பசி, வலி ஆகிய மூன்று சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்து 'வலி' காட்டியதும், மகள் தன் காதுக்கருவியைக் கழற்றி அதன் காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டு உரசும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். தாய்க்குத் தெரியவில்லை.