மண்வாரிப் பிளவு: ‘லிஸ்ட்ரிக்’ என்பதற்கு உரிய தமிழ்

பாறை உடைந்து, உடைந்த தளத்தின் வழியே இருபுறமும் இடம்பெயர்ந்திருந்தால் அதைப் பிளவுப் பெயர்ச்சி என்கிறோம். அத்தளம் நிலப்பரப்பை ஒட்டிச் செங்குத்தாக இறங்கி, ஆழம் செல்லச் செல்லச் சரிவு தணிந்து, ஏறக்குறையக் கிடையாகப் படுத்துவிடுமானால், நிலவியலாளர் அதனை ‘லிஸ்ட்ரிக்’ பிளவு என்பர்.

கிரேக்கத்தில் ‘லிஸ்ட்ரோன்’ என்றால் மண்வாரி. வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களில் காணப்பட்ட இத்தகைய தளங்களைக் குறிக்க, ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் சூஸ் 1909இல் இச்சொல்லை வழங்கினார். மண்வாரித் தகட்டின் குழிவைப் பக்கவாட்டில் நோக்கினால் அவர் கண்ட உவமை விளங்கும்.

இதனை ‘வளைபிளவு’ என்றுவிடலாமே எனத் தோன்றும்; எனக்கு அது போதவில்லை. வரைபடத்தில் இடமோ வலமோ வளையும் பிளவும் வளைபிளவுதான். இங்கே உயிரான செய்தி, ஆழத்தில் சரிவு தணிவது. அதன் விளைவை ஆய்வக மணற்பெட்டி கண்ணெதிரே காட்டுகிறது. கண்ணாடிச் சுவர்ப் பெட்டிக்குள் குழிந்த முகமுடைய கட்டையை அசையாமல் நிறுத்தி, அதன்மேல் நெகிழித் தாளை விரித்து, உலர்ந்த மணலை நிறம் மாற்றி மாற்றி அடுக்குகளாகப் பரப்புவர். பின்னர்த் தாளை மெல்ல இழுப்பர். மணல் விலகும்போது வளைந்த முகத்துக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் தோன்றவேண்டும்; ஆனால் மணல் தன் எடையைத் தானே தாங்காதாதலால் அடுக்குகள் கட்டையை நோக்கிச் சாய்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. அவ்வாறு உருவாகும் மேல்மடிப்பின் முகட்டில் சிறு பிளவுகள் திறந்து, நடுவே ஒரு பள்ளம் அமிழ்கிறது. முகம் தட்டையான சாய்தளமாக இருந்தால் மணல் அப்படியே வழுக்கி இறங்கும். இந்த மடிப்பு எழாது. சில சென்டிமீட்டர் மணல் பல கிலோமீட்டர்ப் பாறைக்கு ஈடாவது எப்படி என்பதற்கு, 1937இல் அமெரிக்க நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் வகுத்த அளவுப் பொருத்தக் கோட்பாடு அடிப்படையாயிற்று.

ஆகவே ‘மண்வாரிப் பிளவு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மூலச்சொல்லின் உவமையும் தளத்தின் வடிவமும் அதில் ஒருங்கே நிற்கின்றன. புவியின் பாறை ஓடு இழுபடும் இடங்களில் மட்டுமன்றி, நெருக்குண்டு பாறை மேலேறும் இடங்களிலும் இவ்வடிவப் பிளவுகள் உண்டு. பெயர் தளத்தின் வடிவத்தை மட்டும் சொல்வதால் இரண்டுக்கும் பொருந்தும்.