ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் பிள்ளை நடிக்கிறாள் என்று அர்த்தமில்லை

அம்பாசமுத்திரம், வள்ளியூர், ராதாபுரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாலும் பெற்றவர்களிடம் இதே பேச்சுதான்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாவ டாக்டர், பரீட்சைக்குப் பயந்து நடிக்கா."

பிள்ளைக்கு ஒரு கை விளங்கவில்லை, வாய் குழறுகிறது, மண்டை பிளக்கிறது. இதில் எது நடிப்பு? ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவு, கட்டி, செத்துப்போன மூளைப்பகுதி ஆகியவற்றைத்தான். ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் என்பது ஒரு பக்கக் கை கால் கொஞ்ச நேரம் விளங்காமல் போகும் ஒருவகை ஒற்றைத் தலைவலி; அதில் இவை இருக்காது. ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். இன்னொன்றும் கேளுங்கள். உண்மையான பக்கவாதத்திலேயே முதல் சில மணி நேரம் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆக, 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட் பக்கவாதம் இல்லை என்றும் சொல்லாது, நடிப்பு என்றும் சொல்லாது.

இந்த நோயைப் பிடிப்பது கடிகாரம்தான். பக்கவாதம் பெரும்பாலும் ஒரே அடியாக விழும். இது ஊர்ந்து வரும்: கண்ணில் மின்னல் கோடு, பிறகு விரலில் தொடங்கி முழங்கை, உதடு என ஏறும் மரமரப்பு, பலவீனம், பேச்சுத் தடுமாற்றம். பொதுவாக ஒவ்வொன்றும் பரவ 5 நிமிடமாவது ஆகும். பலவீனம் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் முழுதாகச் சரியாகிவிடும். அப்படி இரண்டு முறையாவது வந்தால்தான் பெயர் சூட்ட முடியும்.

தானாகச் சரியாவதுதான் ஆபத்து. புறா ரத்தம் தேய்த்தவருக்கும் மந்திரித்தவருக்கும் குணமாக்கிய பேர் கிடைத்துவிடுகிறது. பிறகு தாத்தாவுக்கு நிஜமாகவே வாதம் அடிக்கும்போது அவரையும் அங்கேதான் தூக்கிப் போகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு.

அதனால் முதல் தடவை வந்தால் பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். வாய் குழறும்போது சோடா, காபி ஊற்றாதீர்கள், புரையேறும். நோய் உறுதியானவர்களுக்கும் வழக்கத்துக்கு மாறாக வந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, மயக்கம் சேர்ந்தாலோ இதே வழிதான்.

"சொந்தத்துல முடிச்சதால வந்துட்டு" என்று பெற்றவர்களைக் குத்த வேண்டாம். இதற்கான மரபணுக் கோளாறு அம்மா, அப்பா ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அந்தக் கோளாறு பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரும்.

மருந்துக்கடையில் "ஒத்தத் தலைவலிக்கு ஒரு மாத்திர" என்று கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். அட்டையில் எர்கோட்டமின் என்றோ, 'ட்ரிப்டான்' என்று முடியும் பெயரோ இருந்தால் இவர்களுக்கு ஆகாது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போனில் வீடியோ எடுங்கள்: இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, பேர் கேட்டு. எது முதலில் வந்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.